டாக் வழியே போகும் படம்: 4கே மானிட்டர் ஏன் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது?

கோத்தகிரியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் ஒருவர், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறார். குன்னூர் ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு லாட்டுக்கும் இன்வாய்ஸ் எண், தரம், மூட்டை எண்ணிக்கை, எடை, விற்ற விலை என்று நீண்டுகொண்டே போகும் எக்செல் தாளில்தான் அவருக்கு நாள் முழுவதும் வேலை. மடிக்கணினியின் 14 அங்குலத் திரையில் அந்தத் தாள் அடங்காததால், 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றையும், அதை விசைப்பலகை, இணையக் கேபிள், சார்ஜர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே கேபிளில் மடிக்கணினியில் இணைப்பதற்காக ஒரு டாக்கிங் ஸ்டேஷனையும் வாங்கினார். செருகியதும் படம் வந்தது, எழுத்துகளும் கூர்மையாக இருந்தன. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, படம் நல்லாத்தான் வருது. ஆனா மவுஸ் மட்டும் கையோட வரமாட்டேங்குதுங்க, பின்னாடியே இழுத்துக்கிட்டு வருது. கடையில கேட்டா மானிட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்கறாங்க.”

கடைக்காரர் சொன்னது உண்மைதான். மானிட்டரில் கோளாறு இல்லை. டாக்கிலும் மடிக்கணினியிலும்கூட இல்லை. விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய்ப் பார்த்தபோது, 3840 × 2160 என்ற முழுத் தெளிவுத்திறனுக்குக் கீழே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அந்த ஓர் எண்தான் அவருடைய புகாரின் முழு விளக்கம். திரை ஒரு விநாடிக்கு 30 முறை மட்டுமே புதிதாக வரையப்படும்போது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 மில்லி விநாடி கழிகிறது. வழக்கமான 60 ஹெர்ட்ஸில் இது 17 மில்லி விநாடிக்கும் குறைவு. அசையாத தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேறுபாடு தெரியாது. சுட்டியை நகர்த்தினாலோ, தாளை உருட்டினாலோ, கை முன்னேயும் கண் பின்னேயும் போவதுபோன்ற ஒரு களைப்பு சில நிமிடங்களிலேயே வந்துவிடும். இது பழகிப்போகும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நாளுக்கு எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பவருக்கு இது சிறிய குறை அல்ல.

ஏன் 30? ஏன் 45 அல்லது 50 இல்லை? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல. 4கே திரையில் 3840ஐ 2160ஆல் பெருக்கினால் 82,94,400 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 பிட், ஆக 24 பிட். விநாடிக்கு 60 படம் என்றால், படத்துக்கு மட்டும் சுமார் 11.9 ஜிகாபிட் தகவல் ஒவ்வொரு விநாடியும் மடிக்கணினியிலிருந்து மானிட்டருக்குப் போயாக வேண்டும். வரிகளுக்கும் படங்களுக்கும் இடையே விடப்படும் வெற்று நேரத்தையும் சேர்த்தால், கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற முறையில் இது ஏறத்தாழ 12.8 ஜிகாபிட் ஆகிறது. அதே திரையை 30 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுமார் 6.3 ஜிகாபிட் போதும். நடுவில் உள்ள இணைப்பு 12.8ஐத் தாங்காமல் 6.3ஐத் தாங்குமானால், கணினி வேறு எதையும் கேட்காமல் மானிட்டர் தனக்குத் தெரியும் என்று அறிவித்த வீதங்களில் அடுத்ததற்கு இறங்கிவிடுகிறது. பல 4கே மானிட்டர்கள் 60க்கு அடுத்தபடியாக அறிவிப்பது 30ஐத்தான். மானிட்டர் தன் திறன்களை இப்படி அறிவிக்கும் சிறு தகவல் தொகுப்புக்கு ஈடிஐடி என்று பெயர். கேபிளைச் செருகிய உடனே கணினி முதலில் படிப்பது அதைத்தான்.

ஆகவே, உண்மையான கேள்வி “டாக் 4கே தருமா” என்பதல்ல. மடிக்கணினியின் போர்ட், அங்கிருந்து டாக்குக்கு வரும் கேபிள், டாக்குக்குள் இருக்கும் சிப், டாக்கின் வெளிப்போர்ட், மானிட்டருக்குப் போகும் கேபிள், மானிட்டரின் உள்போர்ட் ஆகிய ஆறு இடங்களில் எது மிகக் குறைவாகக் கடத்துகிறதோ அதுதான் படத்தின் அளவைத் தீர்மானிக்கும். அந்தப் பெண்ணுக்கு நான் இதை அவருடைய தொழிற்சாலையை வைத்தே சொன்னேன். வாட்டும் தொட்டியில் எவ்வளவு இலை குவிந்திருந்தாலும், இலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி உருளைகள் இழுக்கிற அளவுதான் உலர்த்திக்குப் போகும். உலர்த்தியை மாற்றி அதைக் கூட்ட முடியாது. அவர் உடனே, “அப்ப உருளை எதுங்க?” என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான்.

இன்று விற்கும் பெரும்பாலான டாக்குகளில் அந்த உருளை, யுஎஸ்பி-சி இணைப்பைப் பங்குபோடும் விதத்தில் இருக்கிறது. 2014இல் வெளியான யுஎஸ்பி-சி வகை இணைப்பில் 24 ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் அதிவேகத் தகவலுக்கு என்று நான்கு பாதைகள் உண்டு. ஒவ்வொரு பாதையும் ஓர் இணைக் கம்பி. சாதாரண யுஎஸ்பி 3 இணைப்பில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு பாதைகள் போதும். டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று அழைக்கப்படும் ஏற்பாட்டில், இந்தப் பாதைகளைக் கணினி படம் அனுப்புவதற்குக் கொடுத்துவிட முடியும். நான்கையும் படத்துக்குக் கொடுத்தால், யுஎஸ்பிக்கு மிஞ்சுவது பழைய யுஎஸ்பி 2 கம்பிகள் மட்டுமே. அவற்றின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் கொடுத்தால், டாக்கில் செருகிய பென் டிரைவும் இணையமும் வேகமாக ஓடும். ஆனால் படத்துக்கான வழி பாதியாகிவிடும்.

டாக் தயாரிப்பவர் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பெட்டியில் “யுஎஸ்பி 3, 5 ஜிகாபிட்” என்று அச்சிட வேண்டுமானால் இரண்டுக்கு இரண்டு என்று பிரிக்கத்தான் வேண்டும். கையடக்கமான விலை குறைந்த டாக்குகள் மிகப் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கின்றன. இப்போது கணக்கைப் பொருத்திப் பாருங்கள். 2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 முறையில் ஒரு பாதை விநாடிக்கு 5.4 ஜிகாபிட் கடத்துகிறது. இரண்டு பாதைக்கு 10.8. ஆனால் ஒவ்வொரு 8 பிட் தகவலையும் 10 பிட்டாகக் குறியிட்டு அனுப்புவதால் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே போய்விடுகிறது. படத்துக்கு மிஞ்சுவது 8.64 ஜிகாபிட். தேவை 12.8. போதவில்லை. 30 ஹெர்ட்ஸுக்குத் தேவை 6.3. போதும். எங்கள் தெருப் பெண்ணின் திரை 30இல் நின்ற கதை இவ்வளவுதான்.

பாதைக்கு 8.1 ஜிகாபிட் என்ற அடுத்த வேகம் 2014இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.3 முறையோடு வந்தது. எச்பிஆர்3 என்று தயாரிப்புக் குறிப்புகளில் எழுதுவார்கள். இதில் இரண்டு பாதைகளே குறியீட்டுக் கழிவு போக 12.96 ஜிகாபிட் தரும். தேவையான 12.8க்கு இது மயிரிழை அளவுதான் மேலே, ஆனாலும் போதும். அதனால்தான், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு டாக்குகளில் ஒன்று 4கே 60 தருகிறது, மற்றொன்று தருவதில்லை. ஒரே டாக்கை இரண்டு மடிக்கணினிகளில் செருகினால் ஒன்றில் 60, மற்றொன்றில் 30 வருவதற்கும் இதுவே காரணம். பழைய மடிக்கணினியின் கிராபிக்ஸ் சிப் 5.4 வேகத்தோடு நின்றுவிடும்போது, டாக் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பயனில்லை. அந்த மயிரிழை இடைவெளியைக் கெடுக்கும் ஒரு சின்ன விஷயமும் உண்டு. மானிட்டரில் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதியை இயக்கினாலோ, நிறத்துக்கு 8 பிட்டுக்குப் பதில் 10 பிட் தேர்ந்தெடுத்தாலோ, தேவை 16 ஜிகாபிட்டாக ஏறிவிடும். நேற்றுவரை 60இல் ஓடிய திரை இன்று 30க்கு இறங்கிவிடும். அப்போது 8 பிட்டுக்குத் திரும்பினால் போதும்.

டாக் வசதி உள்ளேயே அமைந்த மானிட்டர்கள் சிலவற்றின் மெனுவில், யுஎஸ்பி-சி இணைப்பில் தெளிவுத்திறனுக்கு முன்னுரிமையா, தகவல் வேகத்துக்கு முன்னுரிமையா என்று ஒரு தேர்வு இருக்கும். அது நாம் இப்போது பேசிய நான்கு பாதைகளைப் பிரிக்கும் தேர்வேதான். தனி டாக்குகளில் இந்தத் தேர்வு பெரும்பாலும் பயனர் கையில் இருப்பதில்லை.

அடுத்த தடை டாக்கின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இருக்கிறது. யுஎஸ்பி-சி வழியே டாக்குக்கு வருவது டிஸ்ப்ளேபோர்ட் சைகை. அதை எச்டிஎம்ஐ ஆக மாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சிறு சிப். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முறையின் மொத்தக் கொள்ளளவு 10.2 ஜிகாபிட், குறியீடு போக 8.16. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 முறையில் 18, குறியீடு போக 14.4. முன்னதில் 4கே 30 ஹெர்ட்ஸோடு நிற்கும். பின்னதில் 60 வரும். துளையின் வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. நான் சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு டாக் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் 4கே என்று பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து இணைத்த பிறகு பெட்டியின் அடிப்பக்கத்தைப் புரட்டினால், 4கேவுக்குப் பக்கத்தில் 30 என்ற எண் எறும்பு அளவில் அச்சாகியிருந்தது. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கு அப்பால் கோயம்புத்தூர், அதற்குப் பிறகு கடையில் “வேலை செய்யுதே சார்” என்ற பதில். பொருள் வேலை செய்யத்தான் செய்தது. சமவெளியில் இருப்பவர் மாலையே போய் மாற்றிக்கொள்ளலாம். மலையில் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள். வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எச்டிஎம்ஐ போர்ட் பழையதாக இருந்தும் 60 ஹெர்ட்ஸ் என்றே காட்டும் ஒரு நிலையும் உண்டு. அதை நான் 30 ஹெர்ட்ஸைவிட மோசமானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் எண் சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. என் தொழில் தமிழ் நூல்களுக்குப் பக்கம் அமைப்பது. மெய்ப்புத் திருத்துபவர் அனுப்பும் கோப்புகளில் திருத்தங்கள் சிவப்பில் இருக்கும். ஒருமுறை பழைய 4கே தொலைக்காட்சி ஒன்றை மானிட்டராக வைத்துப் பார்த்தபோது, கறுப்பு எழுத்துகள் கூர்மையாக இருக்க, சிவப்பில் இருந்த “ணூ”வின் சுழிகளும் “க்”கின் புள்ளியும் மட்டும் பஞ்சுபோல் பரவித் தெரிந்தன. மேலே நான் சொன்ன அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் நிற வடிவம் என்ற இடத்தில் 4:2:0 என்று இருந்தது. கொள்ளளவு போதாதபோது, ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று பொதுவாக அனுப்பும் சிக்கன முறை அது. தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது, எச்டிஎம்ஐ 1.4இன் அளவுக்குள்ளேயே 4கே 60 அடங்கிவிடுகிறது. திரைப்படம் பார்க்க இதனால் ஒரு குறையும் இல்லை. எழுத்து வேலைக்கு இது ஆகாது. நிற வடிவம், ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் தனியாக அனுப்பும் ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்று இருந்தால்தான் நிற எழுத்தும் கறுப்பு எழுத்தைப் போலவே நிற்கும். தொலைக்காட்சிகளிலும் சில மானிட்டர்களிலும் அந்தந்த எச்டிஎம்ஐ துளைக்கு முழுக் கொள்ளளவைத் திறந்துவிடும் ஒரு அமைப்பு மெனுவுக்குள் மூடிக் கிடக்கும்; அதைத் திறந்தபோது என் சிக்கலும் தீர்ந்தது.

தமிழ் எழுத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 4கே யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு, தமிழில் வேலை செய்பவருக்கு என்று தயங்காமல் சொல்வேன். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 100 சதவீத அளவில் 11 பாயின்ட் எழுத்து ஏறத்தாழ 15 பிக்சல் உயரத்தில் வரையப்படுகிறது. அதற்குள் “ஞ”வின் உட்சுழியும் “லை”யின் கொம்பும் இடித்துக்கொள்ளும். அதே எழுத்து 4கே திரையில் 150 சதவீத அளவில் 22 பிக்சல் உயரம் பெறுகிறது. ரகரமும் துணைக்காலும் கண்ணைச் சுருக்காமலே பிரிந்து தெரிகின்றன. 4கே 60க்கு வழியில்லாத மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, 2560 × 1440 திரையை வாங்குங்கள் என்பதுதான். அதற்கு 60 ஹெர்ட்ஸில் சுமார் 5.8 ஜிகாபிட் போதும். மேலே சொன்ன இரண்டு பாதை டாக்கும், எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டும் அதைத் தாராளமாகத் தாங்கும். தடுமாறும் 4கேவைவிடச் சீராக ஓடும் 1440 எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்னவை எல்லாம், மடிக்கணினியின் கிராபிக்ஸ் சிப் வரைந்த படம் அப்படியே கம்பியில் போகும் டாக்குகளைப் பற்றியவை. முற்றிலும் வேறு முறையில் இயங்கும் டாக்குகளும் உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக்கில், மடிக்கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருள் திரையில் மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தகவலாக அனுப்புகிறது. டாக்கில் உள்ள சிப் அதை விரித்துப் படமாக்குகிறது. ஆகவே, ஆல்ட் மோட் இல்லாத யுஎஸ்பி-சி போர்ட்டிலும், பழைய நீள்சதுர யுஎஸ்பி 3 போர்ட்டிலும்கூட இது வேலை செய்யும். எக்செல், வேர்டு, மின்னஞ்சல் போன்றவற்றில் திரையின் பெரும்பகுதி மாறாமல் இருப்பதால் வேறுபாடே தெரியாது. முழுத்திரையில் காணொளி ஓடினால் கணினியின் செயலி உழைக்க வேண்டியிருக்கும், மின்விசிறி சத்தமிடும். மென்பொருள் நிறுவப்படும்வரை படம் வராது என்பதால், அலுவலகம் தந்த மடிக்கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் இவ்வகை டாக்கை வாங்கிவிட்டுத் திகைத்து நிற்பதுண்டு. மேக் கணினியில் இது திரையைப் பதிவுசெய்யும் அனுமதியைக் கேட்கும். கேட்பதற்குக் காரணம் இந்த முறையின் அடிப்படையே, உளவு ஒன்றும் இல்லை.

மின்னல் குறி பொறித்த தண்டர்போல்ட் போர்ட் உள்ளவர்களுக்கு இந்தக் கவலைகள் பெரிதும் இல்லை. 2015இல் வந்த தண்டர்போல்ட் 3இலேயே மொத்தக் கொள்ளளவு 40 ஜிகாபிட்; படமும் தகவலும் அதற்குள்ளேயே பொதியப்பட்டுப் போகின்றன. தண்டர்போல்ட் 4 என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால் இரண்டு 4கே திரைகளையாவது மடிக்கணினி தாங்கியாக வேண்டும் என்பது விதி. விலைதான் பல மடங்கு. ஆனால் தண்டர்போல்ட் டாக்கை அந்தக் குறி இல்லாத யுஎஸ்பி-சி போர்ட்டில் செருகினால், பழைய டாக்குகள் சில எதுவுமே செய்யாமல் கிடக்கும். துளை பொருந்துவதும் வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதை யுஎஸ்பி-சி வந்த பிறகுதான் நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு மானிட்டர்களை ஒரே டாக்கில் இணைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் சைகையை இரண்டு திரைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எம்எஸ்டி என்ற முறையை விண்டோஸ் ஏற்கும். மேக் இயங்குதளம் இரண்டு திரைகளையும் தனித்தனியாக விரிப்பதற்கு அதை ஏற்காது. என் அக்கா மகன் எம்1 மேக்புக் ஏரில் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள டாக்கைச் செருகிவிட்டு, இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வருகிறது என்று ஒரு வாரம் அலைந்தான். அந்தக் கணினி இயல்பாகத் தாங்குவதே ஒரு வெளித்திரையைத்தான். இரண்டாவது திரைக்கு மேலே சொன்ன டிஸ்ப்ளேலிங்க்தான் அவனுக்கு வழியாயிற்று. விண்டோஸிலும், பிரிப்பது என்றால் கொள்ளளவும் பிரிகிறது என்பதை மறக்கக்கூடாது.

கேபிளைப் பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கைப்பேசியோடு வரும் யுஎஸ்பி-சி சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில், மின்சாரத்துக்கும் யுஎஸ்பி 2க்கும் உரிய கம்பிகள் மட்டுமே இருக்கும். படம் போக வேண்டிய அதிவேகப் பாதைகளே உள்ளே கிடையாது. அதைக் கொண்டு டாக்கை இணைத்தால் சார்ஜ் ஏறும், விசைப்பலகை வேலை செய்யும், மானிட்டர் மட்டும் சைகை இல்லை என்று சொல்லும். டாக்கோடு வந்த கேபிளை வேறு எதற்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது. நீளமும் முக்கியம். இணைத்தவுடன் கணினியும் மறுமுனையும் ஒரு சோதனைச் சைகையைப் பரிமாறி, எந்த வேகம் பிழையின்றிப் போகிறது என்று பார்த்துக்கொள்கின்றன. கேபிள் நீளமாகவோ மட்டமாகவோ இருந்தால் ஒன்று வேகம் குறையும், அல்லது திரை நிமிடத்துக்கு ஒருமுறை கறுத்துப் பிறகு வரும். அப்படிக் கறுப்பதைக் கண்டால் மானிட்டரைச் சந்தேகிக்கும் முன் ஒரு மீட்டருக்கு மேற்படாத வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்றதாகப் பிரீமியம் ஹைஸ்பீட் என்ற முத்திரை இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிள்கள் ஒருவழிப் பாதை என்பதையும் நினைவில் வையுங்கள். முனைகளை மாற்றிச் செருகிப் பயனில்லை.

எங்கள் மலைக்கென்று இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று மின்சாரம். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், வந்து உடனே மறுபடி போவதும் கோத்தகிரிக்குப் பழகிய ஒன்று. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, டாக்கும் மானிட்டரும் மட்டும் அணைந்து எழும்போது, சோதனைச் சைகைப் பரிமாற்றம் பாதியில் குலைந்து, படம் வராமலோ குறைந்த வீதத்திலோ நின்றுவிடும். அப்போது டாக்கின் மின் இணைப்பையும் மடிக்கணினிக்குப் போகும் கேபிளையும் எடுத்துவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, முதலில் மானிட்டர், பிறகு டாக், கடைசியில் மடிக்கணினி என்ற வரிசையில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டாக்கையும் மானிட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுவது இதைவிட நல்லது. இடி மின்னல் நாட்களில் டாக்கை மொத்தமாகக் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் இணையக் கேபிள், மானிட்டர், மடிக்கணினி மூன்றும் அந்தச் சிறு பெட்டியில்தான் சந்திக்கின்றன. ஒன்றில் ஏறும் மின்னழுத்தம் மற்ற இரண்டையும் தேடி வரும்.

மற்றொன்று ஈரம். பனிமூட்டம் வீட்டுக்குள் வரும் மாதங்களில், செருகாமல் திறந்து கிடக்கும் இணைப்பு முனைகளில் வெளிர்ப் படலம் படிவதைப் பார்த்திருக்கிறேன். யுஎஸ்பி-சி ஊசிகள் மிக நெருக்கமானவை. அதில் ஒரு பாதை சரியாகத் தொடாமல் போனாலே நான்கு பாதை இணைப்பு இரண்டாக இறங்கிவிடும். பயன்படுத்தாத கேபிள்களை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது இங்கே வீண்வேலை அல்ல.

இனி, எங்கள் தெருப் பெண்ணின் மேசைக்கு வருவோம். அவருடைய மடிக்கணினியில் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகள் இருந்தன. இரண்டின் பக்கத்திலும் டிஸ்ப்ளேபோர்ட்டைக் குறிக்கும், டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி அமைந்த சின்னம் இருந்தது. கிராபிக்ஸ் சிப் 5.4 வேகத்தைச் சேர்ந்தது. எனவே, இரண்டு பாதை டாக் எதை வாங்கினாலும் அவருக்கு 30தான் வரும். தண்டர்போல்ட் அந்தக் கணினியில் இல்லை. டாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். விசைப்பலகை, இணையம், சார்ஜர் மூன்றும் டாக்கிலேயே இருக்கட்டும். மானிட்டரை மட்டும் டாக்கிலிருந்து பிரித்து, ஒருமுனை யுஎஸ்பி-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஒரு கேபிளால் நேராக இரண்டாவது போர்ட்டில் இணைப்போம் என்பது யோசனை. அந்தக் கேபிளில் யுஎஸ்பி தகவலுக்கு வேலையே இல்லாததால் நான்கு பாதைகளும் படத்துக்கே கிடைக்கும், 17.28 ஜிகாபிட், தேவையோ 12.8.

“ஒரே கேபிள்ல எல்லாம் வரும்னுதானுங்க டாக்கே வாங்குனேன்,” என்றார் அவர் சற்று வருத்தத்தோடு. அந்த வருத்தம் நியாயமானது. இனி காலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேபிள்களைச் செருக வேண்டும். கேபிள் கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வர நான்கு நாள் ஆயிற்று. செருகியதும் திரை ஒருமுறை கறுத்து எழுந்தது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ், 8 பிட், ஆர்ஜிபி என்று மூன்று வரிகளும் சரியாக இருந்தன. அவர் அந்த வார ஏலத் தாளைத் திறந்து, முதல் லாட்டிலிருந்து கடைசி லாட் வரை ஒரே இழுப்பில் உருட்டிப் பார்த்தார். பிறகு மேலே திரும்பி, விட்ட இடத்திலிருந்து எடையைப் பதிய ஆரம்பித்தார்.